படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிறோம். படமாக வந்த ஒரு நாவலையோ சிறுகதையையோ படித்துவிட்டு வரவேண்டும், படத்தையும் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பத்துப் பதினைந்து பேர் வருவோம். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள், டவுனில் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி, அப்புறம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து பேத்தியைவிட அதிகமாகப் பேசுகிற ஒரு ஆச்சி. புதிதாக வருகிறவர்கள் கேட்பதும் வாட்ஸப்பில் வருவதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். படியிறங்கும்போது அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

படம்தான் பார்த்தாச்சே, கதை தெரியும். அப்புறம் நாவலை எதற்குப் படிக்க வேண்டும்?

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருக்கிறீர்களா? சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் தெரியாமலா சனம் விடிய விடிய மண்ணில் உட்கார்ந்திருக்கிறது? அத்தனை பேருக்கும் முடிவு தெரியும். முத்துப்பட்டன் சாகப்போவது தெரிந்தேதான் கண் கலங்குகிறார்கள். இந்தப் புலவர் அந்த இடத்தை எப்படிப் பாடப்போகிறார், எங்கே நிறுத்துவார், யார் பக்கம் நின்று பேசுவார் என்று கேட்கத்தான் வருகிறார்கள்.

படமும் அப்படித்தான். ஒரு இயக்குநர் அந்தப் புத்தகத்தைப் படித்த விதம் அது. அவருக்கு எது உறுத்தியதோ அதை எடுத்துக்கொண்டார், மற்றதை விட்டுவிட்டார். நீங்கள் படித்தால் உங்களுக்கு வேறு ஏதாவது உறுத்தும், அதைத் திரையில் யாரும் உங்களுக்குக் காட்டியிருக்க முடியாது. கதை தெரிந்த பிறகு படிப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. அடுத்து என்ன என்ற பரபரப்பு இல்லாததால் வரிகளின் மேல் நிதானமாக நடக்கலாம்.

முதலில் படமா, புத்தகமா?

சின்னப் புத்தகம் என்றால் முதலில் புத்தகம். ஒரு நாள் ராத்திரியில் முடித்துவிடலாம், அதன் பிறகு படத்தில் யார் முகம் வந்தாலும் உங்கள் மனதில் இருக்கும் முகம் அழியாது. பெரிய புத்தகம் என்றால் உங்கள் இஷ்டம். படம் பார்த்தவர்களுக்குப் பெயர்கள் குழம்பாது, அது ஒரு லாபம்.

நான் இதுவரை ஒரு நாவல்கூட முழுசாகப் படித்ததில்லை. எதில் தொடங்கலாம்?

நாவலில் தொடங்காதீர்கள். ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ என்ற சிறுகதையில் தொடங்குங்கள். சில பக்கங்கள்தான், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். கல்யாணமாகிப் போன ஒரு பெண், தான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட மச்சான் ஊருக்கு வந்திருக்கிறான் என்று தெரிந்து வெயிலோடு வெயிலாக அம்மா வீட்டுக்கு வருகிறாள். அவ்வளவுதான் கதை. இதைத்தான் சசி 2008-இல் ‘பூ’ என்று படமாக எடுத்தார்.

படித்த கையோடு படத்தைப் பாருங்கள். இத்தனை சின்னக் கதையிலிருந்து ஒரு முழுப் படம் எப்படி வந்தது என்று உங்களுக்கே கேள்வி வரும். பிள்ளைப் பருவம், அந்த மச்சானின் படிப்பு என்று படம் விரித்துக்கொண்டே போகிறது. சிறுகதையோ அவளுடைய ஒரே ஒரு அழுகையை நோக்கி நேராக நடக்கிறது. இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பெண் எதற்காக அழுகிறாள் என்பதைக் கதையில் படிக்கும்போது நாமாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, அந்த இடம்தான் படிக்கிற பழக்கத்தைத் தொற்ற வைக்கும். எங்கள் கூட்டத்தில் இதுவரை நாலு பேருக்கு இப்படித் தொற்றியிருக்கிறது.

‘அசுரன்’ பார்த்தேன். ‘வெக்கை’ அதே கதைதானா?

வித்து ஒன்று, மரம் வேறு.

பூமணி கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். ‘வெக்கை’ 1982-இல் வந்தது. வெற்றிமாறன் அதை 37 வருஷம் கழித்து 2019-இல் படமாக எடுத்தார். இரண்டிலும் ஒரு பையன் கொலை செய்துவிடுகிறான், அப்பாவும் மகனும் ஓடி ஒளிகிறார்கள். நாவலின் முதல் வரியிலேயே கொலை முடிந்துவிட்டது. அவன் வெட்ட நினைத்தது கையைத்தான், உயிரை எடுக்க நினைக்கவில்லை. அவன் பெயர் சிதம்பரம், வயது பதினைந்து. அங்கிருந்து எட்டு நாள் தலைமறைவு, அதுதான் முழு நாவலும்.

இந்த எட்டு நாளில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். சமைக்கிறார்கள். குளிக்கிறார்கள். ஓடையிலும் புதரிலும் படுத்துத் தூங்குகிறார்கள். அய்யா மகனுக்குக் காட்டில் எதைத் தின்னலாம், எங்கே தண்ணீர் இருக்கும் என்று காட்டிக்கொடுக்கிறார். வீட்டில் இருந்த காலத்தில் இந்த இரண்டு பேரும் இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். கொலைப்பழி தலைக்கு மேல் தொங்கும்போதுதான் ஒரு தகப்பனுக்குத் தன் பிள்ளையோடு உட்கார்ந்து கதை பேச நேரம் கிடைக்கிறது. இரண்டாவது முறை படிக்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது, அன்று ராத்திரி எங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டு வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன்.

படத்தில் இந்தத் தலைமறைவு முன்பாதியில் வருகிறது. பின்பாதியில் அப்பா சிவசாமியின் பழைய வாழ்க்கை, ஒடுக்கப்பட்ட சனங்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம், செருப்பு போட்டதற்காக ஒரு பெண்ணுக்கு நடக்கும் அவமானம், எரியும் குடிசைகள் என்று பெரிய வரலாறு திறக்கிறது. அந்த அளவில் அது நாவலில் கிடையாது. நாவலில் அப்பாவின் பெயரும் சிவசாமி இல்லை, பரமசிவம். இன்னொன்று, பூமணி நாவல் முழுக்க ஒரு சாதியின் பெயரைக்கூட எழுதவில்லை. எழுதாமலே எல்லாம் நமக்குத் தெரிகிறது. வெற்றிமாறன் அதை வெளிப்படையாகப் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறார். எது சரி என்று எங்கள் மாடியில் இரண்டரை மணி நேரம் சண்டை நடந்தது. என் கருத்தைக் கேட்டால், 2019-இல் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரிடம் படம் வாய்விட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. தனியாக உட்கார்ந்து படிக்கிற ஒருவரிடம் பூமணியால் மெல்லிய குரலில் பேச முடிந்தது.

படிப்பை மட்டும் நம்மிடமிருந்து யாராலும் எடுத்துக்கொள்ள முடியாது என்று படத்தின் கடைசியில் அப்பா சொல்வது பலருக்கு மனப்பாடம். நாவலில் அப்படி ஒரு புத்திமதி இல்லை. அதைத் தேடிப்போய் ஏமாறாதீர்கள். அங்கே இருப்பது வெயிலும் பசியும் இரண்டு பேரின் பேச்சும்.

வட்டார வழக்கு புரியவில்லை. நான் திருநெல்வேலிக்காரன்தான், எனக்கே புரியவில்லை என்றால் எப்படி?

வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. நாம் பேசுகிற பேச்சை எழுத்தில் பார்த்துப் பழகவில்லை, பள்ளிக்கூடத்தில் அது தப்பு என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். போதாததற்குத் தாமிரபரணிக் கரைப் பேச்சு ஒன்று, கோவில்பட்டிக் கரிசல் பேச்சு ஒன்று, மணப்பாட்டுக் கடற்கரைப் பேச்சு இன்னொன்று. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன் பேச்சில் இருக்கும் வார்த்தை மானாவாரிக் காட்டில் இருக்காது.

வாய்விட்டுப் படியுங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கண்ணுக்குப் புரியாத வார்த்தை பாதி நேரம் காதுக்குப் புரிந்துவிடும், ஏனென்றால் உங்கள் ஆச்சி அதைச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். எங்கள் கூட்டத்து ஆச்சி எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். ஆனால் ‘வெக்கை’யில் யாருக்காவது ஒரு சொல் புரியவில்லை என்றால் அவர்களிடம்தான் கேட்போம்.

அதற்கும் சிக்காத சொல்லுக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி இருக்கிறது. இடைசெவலில் இருந்த ஒரு விவசாயி, பல்கலைக்கழகம் எதிலும் படிக்காதவர், தன் சனங்களின் சொற்களைச் சேர்த்து அகராதி போட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

‘உதிரிப்பூக்கள்’ புதுமைப்பித்தன் கதை என்றார்கள். ‘சிற்றன்னை’யைப் படித்தேன், ஒன்றுமே ஒத்துப்போகவில்லையே?

ஆமாம், ஒத்துப்போகாது.

சிற்றன்னை என்றால் நம் வீட்டுப் பேச்சில் சித்தி. மனைவி இறந்த ஒரு மனிதர், அவருடைய இரண்டு பிள்ளைகள், அந்த வீட்டுக்குள் இரண்டாந்தாரமாக வரும் மரகதம், இதுதான் புதுமைப்பித்தனின் குறுநாவல். வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத கதை. பிள்ளைகள் பேசுவதும் விளையாடுவதும் பயப்படுவதும் அத்தனை நுணுக்கமாக வரும். சித்தி கொடுமைக்காரி என்ற பழைய கதையை அவர் சொல்லவில்லை. தாயில்லாத வீட்டுக்குள் நுழையும் ஒரு இளம்பெண்ணுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்கிறார்.

மகேந்திரன் 1979-இல் எடுத்த படத்தில் குறுநாவலின் அந்த மனிதருடைய பெயர் அப்படியே இருக்கிறது, சுந்தரவடிவேலு. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். தாயை இழப்பது இருக்கிறது. ஆனால் படத்தின் சுந்தரவடிவேலு ஊரையே நடுங்க வைக்கிறவர், அந்த ஆளைப் புத்தகத்தில் தேடாதீர்கள். கடைசியில் ஊர் திரண்டு வந்து அவரை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போவதும், உங்கள் எல்லோரையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் அவர் பேசுவதும் முழுக்க மகேந்திரனுடையது.

அப்படியானால் எடுத்துக்கொண்டது எதை? நான் நினைப்பது, அந்த இரண்டு பிள்ளைகளை. பெரியவர்களின் காரியங்களுக்கு நடுவில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு சின்ன உருவங்களை. படம் முடியும்போது கண்ணில் நிற்பதும் அவர்கள்தான். ‘அழகிய கண்ணே’ பாட்டைக் கேட்டுவிட்டு ‘சிற்றன்னை’யைத் திறந்து பிள்ளைகள் பேசும் பக்கங்களை மட்டும் படியுங்கள், நான் சொல்வது விளங்கும்.

புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில் என்றாலும் திருநெல்வேலிக்காரர், இங்கே இந்துக் கல்லூரியில் படித்தவர், அவருடைய ஆட்கள் பேசுகிற ‘வே’யும் ‘ஏளா’வும் நம்முடையவை. அவருக்கே சினிமா ஆசை இருந்தது. பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று கம்பெனி தொடங்கி ‘வசந்தவல்லி’ என்று ஒரு படம் எடுக்க நினைத்தார். வசந்தவல்லி யார் என்று குற்றாலக் குறவஞ்சி படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அது நடக்கவில்லை. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதப் புனே போனார், காசநோயோடு திரும்பினார், 1948-இல் போய்விட்டார். நாற்பத்திரண்டு வயதுதான். தன்னுடைய ஒரு குறுநாவலிலிருந்து தமிழின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று முளைக்கும் என்று அவருக்குத் தெரியாமலே போனது.

‘முள்ளும் மலரும்’ எழுதியவர் நம்ம ஊர்க்காரராமே, நிஜமா?

நிஜம். உமாசந்திரன் பாளையங்கோட்டைப் பக்கத்து முன்னீர்பள்ளத்துக்காரர். நடிகர் பூர்ணம் விஸ்வநாதனின் அண்ணன். கல்கியின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதல் பரிசு வாங்கிய நாவல் அது. ரஜினி படத்தைப் பத்துத் தடவை பார்த்தவர்கள்கூட அதை எழுதியவர் பெயரைக் கேட்டால் முழிக்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே அப்படி என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மகேந்திரன் இந்த நாவலை முழுசாகப் படிக்காமலே, காளி என்ற விஞ்ச் ஆபரேட்டரும் அவன் தங்கையும் மனதில் நின்றதும் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் திரைக்கதையை எழுதத் தொடங்கியவர். நாவலில் காளியின் கையைப் பறிப்பது ஒரு புலி, படத்தில் லாரி. புலி வந்தால் படம் வேறு மாதிரிப் படமாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1978 ஆகஸ்ட் 15-இல் வந்த அந்தப் படத்தில் காளி கடைசிவரை, தங்கையைக் கட்டிக்கொள்ள விரும்பும் இன்ஜினீயரை எனக்குப் பிடிக்கவில்லை என்றே சொல்லிவிட்டுத் தங்கையைக் கொடுக்கிறான். அந்த வீம்பு நம்ம ஊர் வீம்பு என்று கடைக்கார அண்ணாச்சி சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது, படம் பிடித்தது என்னவோ கர்நாடகத்துச் சிருங்கேரியில்.

நாவலை மகேந்திரன் நிறுத்திய இடத்தோடு நிறுத்தாமல் முழுசாகப் படியுங்கள். மலைமேல் நடக்கும் மின்திட்ட வேலை, அங்கே வந்து சேர்கிற ஆட்கள் எல்லாம் விரிவாக வரும்.

பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். சுருக்கப் பதிப்பு வாங்கலாமா?

வேண்டாம். சுருக்கம்தான் உங்களுக்குப் படமாகக் கிடைத்துவிட்டதே, 2022-இலும் 2023-இலும்.

கல்கி அதை வாரப் பத்திரிகைக்காக எழுதினார். 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை வருஷம், வாரா வாரம். ஒரு வாரத்துப் பகுதி முடியும்போது அடுத்த வாரம்வரை காத்திருக்க வைக்க வேண்டும், அந்தக் கணக்கு ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் இருக்கும். அதனால் ஒரே மூச்சில் படித்து முடிக்க நினைத்தால் திணறும். தினமும் ராத்திரி மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெரியம்மை வீட்டில் கல்கியிலிருந்து கிழித்துப் பைண்டு பண்ணிய வால்யூம்கள் இருந்தன, ஓவியர் மணியத்தின் படங்களோடு, நடுநடுவே ஹேர் ஆயில் விளம்பரங்களோடு. கரையான் அரித்த ஓரம், சாம்பிராணி வாசம். மதியச் சாப்பாடு முடிந்ததும் பெரியம்மை வாசிப்பார்கள், தெருவில் நாலு பேர் வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். நான் முதலில் பொன்னியின் செல்வனைக் காதால்தான் படித்தேன். அதே மாதிரி வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டால் ஐந்து பாகம் ஒரு பாரமே இல்லை.

படத்தில் வராதது என்ன என்று கேட்டால், முதலில் மணிமேகலை. கந்தமாறனின் தங்கை. அந்தப் பெண்ணை எடுத்துவிட்டதால் படத்தின் நீளம் குறைந்தது, சரிதான், ஆனால் நாவலின் கடைசிப் பக்கங்களில் நம்மை உலுக்குகிறவள் அவள்தான். பூ விற்கும் சேந்தன் அமுதனுக்கும் நாவல் கொடுக்கும் இடம் வேறு. அதை இங்கே உடைக்க மாட்டேன்.

நாவலை இஷ்டத்துக்கு மாற்றுகிறார்களே, அது எழுத்தாளருக்குச் செய்யும் அநியாயம் இல்லையா?

மாற்றுவதே அநியாயம் என்று நான் நினைக்கவில்லை, ‘உதிரிப்பூக்க’ளைச் சொல்லிவிட்டேன். எழுத்தாளர் பெயரைப் போடாமல், சம்மதம் கேட்காமல், கூலி கொடுக்காமல் எடுப்பதுதான் அநியாயம்.

எழுதினவரே மாற்றுவதும் உண்டு. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழையில் யாரோ ஒருவனுடைய காரில் ஏறிக் கெட்டுப்போய்த் திரும்பும் பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று அவரே யோசித்து எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-இல் சாகித்திய அகாதமி விருது. பீம்சிங் இயக்கத்தில் அது படமானபோது அந்தப் பெண் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. கதை, நாவல், படம் மூன்றையும் அந்த வரிசையில் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் அதிகம் பெண்கள் பேசிய நாள் அதுதான். அந்த அம்மாவைப் பற்றித்தான் பேசினார்கள், காரில் வந்தவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஊரை மாற்றுவது எனக்குக் கொஞ்சம் வலிக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ நாகர்கோவில் பக்கத்துக் கதை, சாப்பாடு, வயல், பேச்சு எல்லாமே நாஞ்சில் நாடு. தங்கர் பச்சான் அதை 2002-இல் ‘சொல்ல மறந்த கதை’யாகத் தன்னுடைய கடலூர் மாவட்டத்துக்குக் கொண்டுபோனார். அவருக்குத் தெரிந்த மண்ணில் எடுத்ததால் படம் உண்மையாக இருந்தது. ஆனால் நாவலில் வரும் கல்யாணச் சாப்பாட்டுக்கு நாஞ்சில் நாட்டுக்குத்தான் போகவேண்டும்.

எஸ்டேட்டுக்குப் போன நம் சனங்களைப் பற்றி ஏதாவது?

இருக்கிறது, அவசியம் படியுங்கள். பி. எச். டேனியல் என்ற மருத்துவர் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் தமிழில் ‘எரியும் பனிக்காடு’. பாலாவின் ‘பரதேசி’ (2013) இதிலிருந்து வந்தது. நாவலின் கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிச் சீமைக் கிராமத்திலிருந்து பஞ்சம் பிழைக்கக் கிளம்புகிறவர்கள். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி முன்பணம் கொடுத்து, ஆசை காட்டி, மலைக்கு நடத்திக் கூட்டிப்போகிறான். குளிர், அட்டை, காய்ச்சல், தீராத கடன்.

படத்தின் முன்பாதியில் அந்தக் கிராமத்து வாழ்க்கைக்குப் பாலா நிறைய இடம் கொடுத்தார். நாவலோ சீக்கிரமே மலை ஏறிவிடுகிறது, ஏறிய பிறகு கடன் கணக்கு எப்படி ஒவ்வொரு வருஷமும் ஏறுகிறது என்று ரூபாய் அணாவோடு சொல்கிறது. அந்தக் கணக்குதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இதோடு புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யையும் சேர்த்துப் படியுங்கள், அது வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. வால்பாறையிலோ இலங்கையிலோ சொந்தம் இருக்கிற வீடு நம் பக்கத்தில் எத்தனை! உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒரு தாத்தா போயிருப்பார்.

வேற்றுமொழி நாவல்கள்?

தகழியின் ‘செம்மீன்’. தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்திருக்கிறார். மொழிபெயர்ப்பு என்ற நினைப்பே வராது. ராமு காரியாட்டின் படம் 1965. படித்து முடித்ததும் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் கடல், அதுவும் வள்ளம், அதுவும் காதல் கைகூடாத ஒரு பெண். ஆனால் இது நம் மணப்பாடு, அந்தப் பெண் பிலோமி.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? எல்லாவற்றையும் வாங்கக் காசு இல்லை.

பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். அலமாரியில் இல்லை என்றால் நூலகரிடம் கேளுங்கள், பெரும்பாலும் வேறு அலமாரியில் இருக்கும். கல்கி, புதுமைப்பித்தன் இருவருடைய எழுத்தும் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் செலவில்லாமல் படிக்கலாம், மலிவுப் பதிப்புகளும் நிறைய. பூமணி, வண்ணநிலவன், தமிழ்ச்செல்வன் போன்றவர்களின் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்குங்கள். வாட்ஸப்பில் சுற்றும் திருட்டு பிடிஎஃப்பை எங்கள் குழுவில் போடாதீர்கள், இதில் நான் கண்டிப்பு. நெல்லைப் புத்தகத் திருவிழா வரும்வரை உண்டியலில் சேர்த்து வைக்கிற கல்லூரிப் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து நானும் அப்படித்தான் செய்கிறேன்.

பிள்ளைகளோடு படிக்கலாமா?

பொன்னியின் செல்வன் தாராளமாக. ‘வெக்கை’ பத்தாம் வகுப்புக்கு மேல், நீங்களும் கூடவே படிப்பதாக இருந்தால். ‘எரியும் பனிக்காடு’ இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

எந்த நாவல் படமாக வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?

‘கடல்புரத்தில்’. வெறும் மணல்திட்டும் சிலுவைக் கோயிலும் கரையில் ஏற்றிய வள்ளமும் போதும். பிலோமியின் அப்பா குரூஸ் மிக்கேல் வள்ளத்தை விற்க மனசில்லாமல் தவிப்பதை நல்ல நடிகர் ஒருவர் செய்து பார்க்க வேண்டும் என்று பல வருஷமாக ஆசை. வண்ணநிலவன் ‘அவள் அப்படித்தான்’ படத்துக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவர், சினிமாவுக்கு அந்நியர் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு என்ன படிக்க வேண்டும்?

கி. ரா.வின் ‘கிடை’, அதிலிருந்து அம்ஷன்குமார் எடுத்த ‘ஒருத்தி’ (2003). புத்தகம் சின்னது, ஒரு வாரத்துக்கு முன்னால் தொடங்கினால் போதும். ஆட்டுக்கிடை என்றால் வயலில் ராத்திரி ஆட்டுமந்தையை அடைத்து வைப்பது என்று தெரியாத பிள்ளைகள் வருவதால், அறுப்பு முடிந்த வயல்களில் இப்போதும் கிடை போடுகிற ஒரு பெரியவரைக் கயத்தாறு பக்கத்திலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன். அவர் எந்தப் புத்தகமும் படித்ததில்லையாம். ‘கிடை’யின் முதல் பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டி, எது சரி, எது விட்டுப்போயிருக்கிறது என்று அவர் வாயால் கேட்போம். ஆறு மணிக்கு ஆரம்பம். ராத்திரி எட்டரைக்கு அவருக்குக் கடைசி பஸ், அதனால் தாமதிக்காமல் வாருங்கள்.